அக்காவின் வலது கால்

என் அக்காவின் கணவருக்கு அவருடைய கார் ஒர்க்‌ஷாப்பில் ‘காத்து’ என்று பெயர். எந்த வண்டி வந்தாலும், என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்பே, “எஞ்சினுக்குக் காத்து பத்தல” என்பார். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்பதும் அந்தப் பெயருக்கு ஒரு காரணம். எனக்கு அவர் மாமா. கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதில் அவரைப் பற்றி நல்லதாக அதிகம் வராது.

அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். எங்கள் குடியிருப்பில் வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அவளிடம் கற்றவர்கள். மாமாவும்தான். எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிற ஆள், ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் லைசென்ஸ் தேர்வில் கோட்டை விட்டுவிட்டு அவளிடம் வந்து சேர்ந்தார். “மிதிக்காதீங்க சார், காலை சும்மா வையுங்க, போதும்” என்று அவள் சொல்லிச் சொல்லித்தான் அவருக்கு ஓட்ட வந்தது. கல்யாணத்தில் போய் முடிந்ததும் அந்த வகுப்புதான்.

அக்காவிடம் இருந்தது சின்ன டர்போ கார். டர்போ என்றால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி. அந்தக் காற்று உள்ளே போகும் வாசலுக்கு த்ராட்டில் பாடி என்று பெயர். அதன் நடுவில் ஒரு வட்டத் தகடு இருக்கும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் அது திரும்பி வழிவிடும். இதெல்லாம் எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள்.

யாரோ ஒரு வியாபாரி பேச்சைக் கேட்டு, கம்பெனி போட்டதைவிடப் பெரிய த்ராட்டில் பாடிகளை விற்பதற்காக மாமா வாங்கி அடுக்கினார். நீல நிறத்தில் பளபளவென்று இருந்தன. வாடிக்கையாளர்களுக்குக் காட்ட ஒரு வண்டி வேண்டுமே. அக்காவின் வண்டிதான் கையில் கிடைத்தது.

“என் வண்டிக்கு எதுக்குங்க? அது நல்லாத்தானே ஓடுது?”

“வாசல் பெருசானா காத்து தாராளமா வரும்ல? நீ பாரு, எப்படிப் பறக்குதுன்னு.”

மாட்டியும் பறக்கவில்லை. விசிறி அதே பழைய விசிறி. வாசலை அகலப்படுத்தினால் அது கூடுதல் காற்றுக்கு எங்கே போகும்? ஆனால் காலை லேசாக வைத்தாலே அந்தப் பெரிய தகடு தேவைக்கு மேல் காற்றை ஒரேயடியாக உள்ளே விட்டது. வண்டி குபீரென்று பாய்ந்தது. சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக உறுமுவதும் அடங்குவதுமாக இருந்தது. மாமா அந்த வண்டியை எடுத்ததெல்லாம் ஊருக்கு வெளியே அகலச் சாலையில், காலை முழுசாக அழுத்தி. அங்கே ஒரு குறையும் தெரியாது. நெரிசலில் ஓட்டியதும் இடுக்கில் நிறுத்தியதும் அக்கா.

“வண்டி எகிறுதுங்க” என்று அவள் சொன்னபோதெல்லாம் சிரித்தார். “உனக்குக் கால் கனமாயிடுச்சு. டீச்சரம்மாவுக்கு வயசாகுது.” சாப்பாட்டு மேஜையில் இதுதான் தினமும் ஜோக். அக்காவும் சிரித்து வைத்தாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டு, தன் செருப்பை மாற்றிப் பார்த்தாள்.

எங்கள் கட்டடத்தின் அடியில் அவள் வண்டிக்கு ஒதுக்கிய இடம் ஒரு தூணுக்கும் மோட்டார் அறைச் சுவருக்கும் நடுவில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர்ப் பிரச்சினை பற்றிப் பேச எல்லா வீட்டுக்காரர்களும் கீழே கூடியிருந்தோம். அக்கா காய்கறி வாங்கிக்கொண்டு வந்தாள். மெதுவாகத் திருப்பினாள். அடுத்த நொடி வண்டி எகிறிப்போய்த் தூணில் மோதியது. தூணில் சாய்த்து வைத்திருந்த மூன்றாம் மாடிக் குழந்தையின் சைக்கிள் நசுங்கியது. அந்தக் குழந்தை தண்ணீர் குடிக்க அப்போதுதான் அம்மாவிடம் ஓடி வந்திருந்தது.

மூன்றாம் மாடி அம்மாள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவரும் அக்காவிடம் கற்றவர். “நீங்களே இப்படின்னா நாங்கள்லாம் எப்படிங்க?”

மாமா என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “எத்தனை தடவை சொல்லியிருக்கேன், காலைக் குறைச்சு வைன்னு?”

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா இறங்கி, நசுங்கிய சைக்கிளைத் தூக்கி நிறுத்தப் பார்த்தாள். அது நிற்கவில்லை.

அந்த வாரமே இரண்டு வீடுகளில் பெண்களை அவளிடம் அனுப்புவதை நிறுத்தினார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஸ்கூல் வண்டியில், எந்தக் கோளாறும் இல்லாத அந்த வண்டியில், பெடலில் வைத்த அவள் கால் நடுங்க ஆரம்பித்தது. முதலாளியிடம் சொல்லிவிட்டு, வகுப்பு எடுப்பதை விட்டு, ஆபீஸில் உட்கார்ந்து வருகிற போன்களை எடுத்தாள்.

பல் டாக்டர் ஒருவர் எங்கள் கடைக்கு வருவார். மாமாவின் வாடிக்கையாளர். ஒருநாள் மருந்து வாங்கிக்கொண்டே சொன்னார்: “உங்க மாமா நேர்மையான ஆளும்மா. பெருசா ஒண்ணு மாட்டிவிட்டார், வண்டி குதிரை மாதிரி பாயுது. போய்ச் சொன்னேன். ஓட்டிப் பாத்துட்டு, ‘தப்பு என்னுதுதான் சார், இந்த வண்டிக்கு இது ஆகாது’ன்னு அப்பவே பழசை மாட்டிக் கொடுத்துட்டார்.”

“எப்ப டாக்டர்?”

அவர் சொன்ன நாள், அக்கா தூணில் இடித்ததற்கு முந்தின வாரம்.

எனக்கு வந்த கோபத்தில் மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன். சாயங்காலம் நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மாமா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“டாக்டருக்கு மட்டும் கால் கனம் இல்லையா மாமா?”

ஸ்பேனரைக் கீழே வைத்தார். நான் அவரை அப்படிக் கூனிக் குறுகிப் பார்த்ததில்லை. “வெளியாள்கிட்ட சொல்லிடலாம்மா. வந்தான், மன்னிப்புக் கேட்டேன், போயிட்டான். வீட்ல தினம் கேலி பண்ணிட்டு எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இடிச்சுட்டா.”

“எல்லார் முன்னாடியும் அவளைத் திட்டினீங்களே?”

“வாயில வந்துடுச்சு.” பிறகு மெதுவாக, “இன்னைக்கே மாத்திடறேன். அவகிட்ட சொல்லாதே.”

“நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

அவரே சொன்னார். சாப்பாட்டு மேஜையில், தட்டைப் பார்த்துக்கொண்டே, வார்த்தைகளை மென்று விழுங்கி. அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. நானாக இருந்தால் தட்டு பறந்திருக்கும்.

“கழட்டாதீங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரும் இருக்கறப்ப அதே தூணுக்குப் பக்கத்துல நீங்க நிறுத்திக் காட்டுங்க” என்றாள்.

ஞாயிறு வந்தது. பிள்ளைகளை மாடிக்கு அனுப்பிவிட்டு எல்லோரும் சுவரோரம் நின்றார்கள். மாமா வியர்த்து வழிய உட்கார்ந்தார். எவ்வளவு ஜாக்கிரதையாகக் காலை வைத்தும் வண்டி பாய்ந்தது. ஏற்கெனவே உடைந்திருந்த பக்கமே மறுபடி தூணில் இடித்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. இறங்கி வந்தார். “அவ கால்ல ஒரு குத்தமும் இல்லைங்க. நான் மாட்டினது தப்பு. தப்புன்னு தெரிஞ்சும் அன்னைக்கு உங்க முன்னாடி அவளைத்தான் சொன்னேன்.” எங்கள் வீட்டு ஆளாயிற்றே, கேட்ட எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. மூன்றாம் மாடி அம்மாள் தரையைப் பார்த்தார்.

மறுநாள் பழைய பாகம் ஏறியது. நீலமாக மீதியிருந்ததையெல்லாம் மாமா திருப்பி அனுப்பினார். சாயங்காலம் அக்கா சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தாள். மாமா அவள் பக்கத்தில், நான் பின்னால். வண்டி பழையபடி சொன்ன பேச்சைக் கேட்டது. தூணுக்கும் சுவருக்கும் நடுவில் அவள் நிறுத்தியதைப் பார்த்தால் அளந்து வைத்ததுபோல இருந்தது.

எஞ்சினை அணைக்காமல் அவரைப் பார்த்துக் கேட்டாள், ஸ்கூலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அவளிடம் கேட்கிற அதே குரலில்: “கால் சரியா வெச்சேனாங்க?”

மாமாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “சரியாத்தான் வெச்சே” என்றார்.

அவள் நம்பவில்லை. ரிவர்ஸ் போட்டு வண்டியை வெளியே எடுத்து, மறுபடியும் முதலிலிருந்து நிறுத்தினாள்.