பட்டன் மாஸ்டர்

தையல் கடை வேலையை நான் விட்டபோது முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பொய். அவர் பிடித்தது என் சட்டைக் கொலரை. அழுதது நான்.

அந்தக் கடையில் பட்டன் வைப்பதும் பட்டன் ஓட்டை தைப்பதும்தான் என் வேலை. ஒருநாள் துணி வெட்டிப் பழகட்டுமா என்று கேட்டேன். கடை நிறைய ஆட்கள் இருக்க, "ஓட்ட தைக்கிற உனக்குக் கத்தரிக்கோல் கேக்குதாடா?" என்று வெளியே தள்ளினார். அவருடைய இந்த வாயாலேயே எனக்கொரு பட்டம் சொல்லவைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

அவருடைய கடைக்கு நேர் எதிரே, சைக்கிள் கடையின் ஓரத்தில் ஒரு ஸ்டூல் போட்டேன். கடை அவ்வளவுதான். போர்டு எழுத பாண்டிருப்பிலிருந்து ஒரு அண்ணனைக் கூட்டி வந்தேன்.

"டெய்லர் எண்டு போடுவமா தம்பி?"

"அத அவர் போட்டிரிக்கார் அண்ணே. அதவிடப் பெரிசா ஒண்டு போடுங்க."

"உனக்கு வெட்டத் தெரியாது, மெசினும் இல்ல. பெரிசா எண்டா டொக்டர் எண்டுதான் போடணும்."

கடைசியில் 'பட்டன் மாஸ்டர்' என்று முடிவானது. எங்கள் ஊரில் மாஸ்டர் என்றால் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனதே மாங்காய் அடிக்கத்தான். போர்டைத் தலைகீழாக மாட்டிவிட்டு, ரோட்டில் போனவர்கள் சிரித்த பிறகுதான் திருப்பி மாட்டினேன்.

நோன்பு மாதம் வந்தது. முதலாளியின் கடையில் பெருநாள் சட்டைகள் குவிந்தன. ஓட்டை தைக்க மட்டும் ஆள் கிடைக்கவில்லை. பெருநாளைக்கு முதல் நாள் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் பெரிய பொதியோடு ரோட்டைக் கடந்து வந்தார்.

"டேய்."

நான் ஊசியில் நூல் கோத்தேன்.

"தம்பி."

"ஆரக் கூப்பிடுறீங்க முதலாளி? போர்டப் பாருங்க."

பல்லுக்குள்ளே ஏதோ முனகினார்.

"கேக்கல்ல முதலாளி. நோன்பில காதடச்சிரிக்கி."

"பட்டன் மாஸ்டர்!"

அவர் போட்ட சத்தத்தில் சைக்கிள் கடைக்காரர் பம்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

அத்தோடு என் மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. பொதிக்குள் முதலாளியின் சொந்தப் பெருநாள் சட்டையும் இருந்தது. மற்றவற்றை ஒழுங்காகத் தைத்தேன். அவருடையதில் மட்டும் பெண்கள் சட்டைக்குத் தைக்கிற பக்கத்தில் ஓட்டையைத் தைத்து, பட்டனை மற்றப் பக்கம் வைத்து, அழகாக மடித்துக் கொடுத்தேன்.

பெருநாள் தொழுகை முடிந்து எல்லோரும் கட்டித்தழுவி ஸலாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவசரத்தில் சட்டையைப் பார்க்காமல் மாட்டிக்கொண்டு வந்திருந்த முதலாளியைத் தழுவ வந்த வாடிக்கைக்காரர் ஒருவர் பாதியில் நின்றுவிட்டார்.

"என்ன முதலாளி, பொஞ்சாதிர சட்டையப் போட்டுக்கு வந்திட்டீங்களா?"

பள்ளிவாசல் முற்றமே சிரித்தது. முதலாளி குனிந்து நெஞ்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நேரே என்னிடம் வந்தார். நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். பெருநாளன்று விரித்த கையைத் தட்டிவிட எந்த மனிதனாலும் முடியாது. எலும்பு நோக என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்து, என் காதுக்குள்ளே அவர்...

வீட்டுக்காரி கூப்பிடுகிறாள்.

"இஞ்சாருங்க! கதச்சது காணும், நிப்பாட்டுங்க. வாசல்ல பட்டன் வைக்க ஆக்கள் நிக்கிறாங்க!"

வாறன், வாறன்.