கணக்கில் வராத சீரகத் தண்ணீர்

எங்களுக்குச் சோமனூர். என் வீட்டுக்காரருக்கு இதயம் பலவீனமாகிவிட்டதால், ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையிலேயே ஒரு பாட்டிலை நிறைத்து வைத்துவிடுவேன். தறி ஓட்டிவிட்டு வந்து, "இன்னொரு வாய் குடு அம்மணி" என்று கெஞ்சினாலும் தரமாட்டேன். என் கண்டிப்பில் எனக்கே பெருமை.

ஆனால் செரிமானத்துக்கு என்று வெறும் வயிற்றில் ஒரு செம்பும், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் ஒரு டம்ளரும் சீரகத் தண்ணீர் கொடுத்து வந்தேன்.

போன மாதம் அவருக்குக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"தண்ணி அதிகமாயிடுச்சாம்மா?" என்றார் டாக்டர்.

"பாட்டிலைத் தாண்டவே இல்லீங்க" என்று அடித்துச் சொன்னேன். "சீரகத் தண்ணி மட்டும் குடுப்பேனுங்க. அது மருந்துதானுங்களே?"

அவர் என்னையே பார்த்தார். "அதுவும் தண்ணிதாம்மா."

பிழைத்துக்கொண்டார். ஆனால் இனித் தறிப் பக்கம் போக முடியாது. இப்போது சீரகம் கொதிப்பதும் அந்தப் பாட்டில் தண்ணீரில்தான். மோரும் ரசமும்கூட அந்தக் கணக்கில்தான். பாட்டில் காலியானபின் வாய் கொப்பளிக்க மட்டும் தருகிறேன். துப்புகிறாரா என்று எதிரிலேயே நின்று பார்க்கிறேன். எனக்குத் தாகம் எடுத்தால், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிறேன்.