மூன்று மணி என்று ஒரு பொய்

வரும் ஞாயிறு நாலு மணிக்கு இசை ஆராதனை, பிறகு தேநீர் என்று எங்கள் அங்கிலிக்கன் ஆலயத்தின் அறிவித்தல் தாளில் போட்டிருந்தார்கள். முதல் பாட்டே என் மகளின் தனிப்பாட்டு. எங்கள் தமிழ்ச் சனமோ தேநீருக்குத்தான் வந்து சேரும். பிள்ளை ஆளில்லாத வாங்கு வரிசைகளைப் பார்த்துப் பாடக் கூடாது. ஆகவே வீடு வீடாகப் போன் எடுத்து, ஆராதனை மூன்று மணிக்கு என்று பொய் சொன்னேன்.

மூன்றுக்கே முப்பது பேர் வந்துவிட்டார்கள். பியர்பொன்ட்ஸ் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த, எங்கள் சனத்தில் மூத்த அக்கா ஒருவர், தேநீருக்கான ரோல்ஸ் பெட்டியை என் கையில் தந்தார்.

"நீர் போனில நடுங்கின நடுக்கத்தில, ஆருக்கோ ஏதோ எண்டு ஓடி வந்தம்."

நாலு மணிக்கு வெள்ளை அங்கியோடு எட்டிப் பார்த்த மகள் என்னை ஓரமாக இழுத்தாள்.

"அம்மா, ஏன் எல்லாரும் இருக்கினம்?"

"உன்ர பாட்டைக் கேக்கத்தான்."

"அவை பிந்தித்தானே வாறவை. அதை நம்பித்தான் பாடுறன் எண்டனான்."

பாடாமல் ஓடிவிடுவாளோ என்று நான் உறைந்து நிற்கையில் ஓர்கன் தொடங்கியது. அவள் நேரே போய்த் தூணுக்குப் பின்னால் நின்று பாடினாள். சப்பாத்து நுனி மட்டும் தெரிந்தது. முப்பது பேரும் ஒரு பக்கமாகச் சரிந்து எட்டிப் பார்த்தார்கள், நுனியும் மறைந்தது. குரல் மட்டும் பிசகவில்லை.

அக்கா என் காதருகே குனிந்தார்.

"அருமையாப் பாடுது. ஆரின்ர பிள்ளை?"

"என்ர" என்று சொல்ல எனக்குத்தான் குரல் வரவில்லை.