ஆறு பேருக்கு ஆறு பெட்டி

எங்கள் வீட்டில் ஜாவா படித்த முதல் ஆள் நான்தான். இன்றைக்கும் இதைச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது, நிமிரட்டுமே! நானாட்டானில் பஸ் ஏறி, பாலத்தடிச் சோதனைச்சாவடியில் இறங்கிப் பையைக் கொட்டிக் காட்டி, மறுபடி ஏறி மன்னார் பட்டினத்துக்குப் போய்ப் படித்த ஜாவா அது. சண்டை திரும்பத் தொடங்கியிருந்த காலம். "பொம்பிளைப் பிள்ளை உந்தக் கொம்பியூட்டரைப் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறாள்?" என்று அம்மா அரித்தெடுத்தார். கடைசியில் அப்பா, "நான் வந்து பாக்கிறன். ஏதும் தெரிஞ்சிருந்தாப் படிக்கட்டும், இல்லாட்டி நிப்பாட்டுவம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அவர் வருகிற சனிக்கிழமைக்காக வீட்டு ஆட்களின் பெயர்களைக் காட்டும் புரோகிராம் ஒன்றை எழுதி வைத்திருந்தேன். அப்பா, அம்மா, பெரியண்ணா, சின்னண்ணா, அக்கா, நான். அரே என்பது வரிசையாக அடுக்கிய பெட்டிகள். எத்தனை வேண்டும் என்று முதலே சொல்லிவிட வேண்டும். ஆறு கேட்டேன். முதற்பெட்டியின் இலக்கம் ஒன்று இல்லை, பூச்சியம் என்று வகுப்பில் ரீச்சர் சொன்ன நாளில் மற்றப் பிள்ளைகள் முழிசினார்கள். எனக்கு அது புதினமாகவே படவில்லை. களத்தில் நெல் அளக்கையில் அப்பாவும் முதல் புசல் அளவை ஒன்று என்று சொல்லமாட்டாரே, "லாபம்" என்றுதான் தொடங்குவார்.

அப்பா வெள்ளை வேட்டியோடு வகுப்புக்கு வந்து என் பக்கத்துக் கதிரையில் விறைப்பாக இருந்தார். புரோகிராமை ஓடவிட்டேன். ஒரு பெயரும் வரவில்லை. 'அரே இன்டெக்ஸ் அவுட் ஒஃப் பவுண்ட்ஸ்' என்று நீட்டி முழக்கி, ஆறாம் இலக்கப் பெட்டியே இல்லை என்றது.

"என்ன பிள்ளை, இதுவும் சாவடி மாதிரி வழி மறிக்குதோ?" என்றார் அப்பா.

ஆறு பெட்டி கேட்டவளிடம் ஆறு இல்லை என்றால் என்ன நியாயம்! திரையில் விரலை வைத்து வாய்விட்டு எண்ணினேன். லாபம், ரெண்டு, மூண்டு... ஐயோ! அப்பா நெல் அளக்கிற மாதிரியே எழுதித் தொலைத்திருக்கிறேன். அப்பாவைப் பூச்சியத்தில் வைத்துவிட்டு, அம்மாவை நேரே இரண்டில் போட்டு, என்னை ஆறில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். களத்தில் லாபத்துக்குப் பிறகு இரண்டு. ஜாவாவில் பூச்சியத்துக்குப் பிறகு ஒன்று. ஆறு பெட்டி என்றால் கடைசி இலக்கம் ஐந்துதான். ரீச்சர் வாயைத் திறக்க முன்னமே அம்மாவிலிருந்து என் வரைக்கும் ஒவ்வொரு இலக்கம் குறைத்தேன். ஆறு பேரும் திரையில் வந்து வரிசையாக நின்றார்கள்.

பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருந்ததால் தொட்டுத் தொட்டு வாசித்துக் காட்டினேன். பெரியண்ணாவின் பெயரில் அப்பாவின் கண் நின்றுவிட்டது.

"இதில ஒராளின்ரை பேரை எடுத்திட்டா, மிச்சம் வேலை செய்யாதோ பிள்ளை?"

என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். "செய்யும் அப்பா. ஆனா அவரின்ரை இடம் அப்பிடியே கிடக்கும். வெறுமை எண்டு காட்டும்."

"இடத்தைக் குறைக்கேலாதோ?"

"ஏலாது அப்பா. ஆறெண்டா கடைசி வரைக்கும் ஆறுதான்."

அவர் எழும்பி வேட்டியை இறுக்கிக் கட்டினார். பிறகு, "நீ படி. அம்மாவுக்கு நான் சொல்லுறன்" என்றார்.

வீடு வந்து சேரும் வரைக்கும் எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. அப்பாவின் கேள்விக்கே தடுமாறாமல் பதில் சொன்னவள் அல்லவா! பெரியண்ணாவைப் படகில் இந்தியாவுக்கு அனுப்ப அன்று காலை பட்டினத்தில் ஓர் ஆளோடு பேசி முடித்துவிட்டுத்தான் அவர் அந்தக் கதிரையில் வந்து இருந்தார் என்பது எனக்குத் தெரியாது.