லூர்துவுக்கு இல்லாத மன்றாட்டு

எங்கள் மாதா கோயிலின் ஞாயிறு பூசையில், மக்கள் சார்பாக வாசிக்கும் மன்றாட்டுகளை எழுதுவது என் பொறுப்பு. யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று வாரமெல்லாம் யோசித்து எழுதுவேன். போன வருடம் என் மகன், செல்போனில் ஏஐயிடம் கேட்டு எழுதப் பழக்கிவிட்டான். மணிமணியாகத் தமிழ் கொட்டியது. எல்லோரும் பாராட்டினார்கள். நானும் யோசிப்பதை விட்டுவிட்டேன்.

சமீபத்தில் பக்கத்து வீட்டு லூர்துவின் கணவர் லாரி விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஞாயிறு போன் தந்ததையே வாசித்தேன்: உலகத் தலைவர்கள், சமாதானம், இயற்கை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பூசைக்கு வந்திருந்த லூர்து, வாசலில் என்னை நிறுத்தினாள்.

“உலகத்துக்கே வேண்டுனீங்களே அக்கா, எங்க ஊட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை இல்லீங்களா?”

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். “இப்பவாவது ஒரு செபம் சொல்லுங்கக்கா” என்றாள். கட்டிலருகே நின்று கண்ணை மூடினேன். அந்த உலகத் தலைவர்கள்தான் வாயில் வந்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை. லூர்துவே செபம் சொல்லி முடித்தாள்.

இப்போது மன்றாட்டுகளை நானே எழுதுகிறேன். மூன்று வரிக்கே திணறுகிறேன், பாராட்ட ஆளில்லை. லூர்துவின் கணவர் பிழைத்து வீடு வந்ததும், அவருக்காக நன்றி மன்றாட்டு எழுதிக்கொண்டுபோய் அவளிடம் காட்டினேன்.

“வேண்டாங்கக்கா. நாங்களே சொல்லிக்கிட்டோம்” என்றாள்.

- அமலா, சேலம்