காற்றில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த அக்கா

அக்காவின் நாற்பத்தொன்றாம் நாள் செபத்திற்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, தம்பியாகிய நான் முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கருங்கல் சந்தைக்குப் பின்னால் இருக்கும் நம் பட்டறையில், கணினிக் கட்டளைப்படி தானே இரும்பைச் செதுக்கும் சிஎன்சி மில்லிங் மெஷினை இந்த ஐந்து ஆண்டுகளும் ஓட்டியவர் அக்கா அவர்கள். நான் அல்ல. ஓட்டுபவன் நான்தான் என்று நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள். நானும் நினைக்க விட்டேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

அக்கா எங்கள் வீட்டில் மூத்தவர். அப்பா காலமானபோது பத்தாம் வகுப்பு முடித்திருந்தார். மறுவாரமே அண்டி ஆபீசில் முந்திரிப் பருப்பின் தோல் உரிக்க உட்கார்ந்துவிட்டார். பருப்பு உடையாமல் வர வேண்டும். உடைந்தால் நாள் முழுக்க ஏச்சு. அந்த விரல்களின் உழைப்பில்தான் நான் ஐடிஐ படித்தேன், துபாய் போனேன். அக்காவுக்கு இரண்டு வரன்கள் வந்து பேச்சோடு நின்றுபோயின. "போரும், என்னை விடுங்க" என்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. மடையன்!

துபாயில் நான் பார்த்தது லேத் வேலை. ஊர் திரும்பி, கைமாறி வந்த மில்லிங் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டபோது அதில் நான் கற்றுக்குட்டி. முதல் வாரமே, இரும்பைச் செதுக்கும் கட்டரை மாற்றினேன். புதியது பழையதைவிட நீளம். அந்த நீளத்தை மெஷினில் பதிய மறந்து, ஓடவைக்கும் பச்சைப் பட்டனை அமுக்கினேன். கட்டர் நேரே இறங்கி, இரும்பைப் பிடித்திருந்த வைஸையே குத்தி உடைந்தது. சத்தம் சாயாக்கடை வரை கேட்டதாம். மெஷினைச் சரிசெய்ய ஆள் வந்தார், சரிசெய்தார். என்னைச் சரிசெய்யத்தான் ஆளில்லை. பச்சைப் பட்டன் பக்கம் விரல் போனாலே கையை இழுத்துக்கொள்வேன்.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த அக்கா, பதறிப்போயிருந்த என் முகத்தைப் பார்த்தார்.

"என்னத்துக்குலே இப்பிடி வெப்ராளப்படுக? அது நீ சொன்னதைத்தானே செய்யும்? அந்த மெஷினோட புத்தகத்த எடு. எனக்கு வாசிச்சுச் சொல்லு."

ஆங்கிலத்தில் இருந்ததை நான் வாசித்துச் சொல்ல, அக்கா ஒரு பள்ளிக்கூட நோட்டில் தமக்குப் புரிந்தபடி எழுதிக்கொண்டார். அந்த நோட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. 'ஆன் பண்ணினதும் மெஷினை அதன் வீட்டுக்கு அனுப்பணும். அது எங்கே நிக்குதுன்னு அதுக்கே அப்பதான் தெரியும்.' 'வலது கை பச்சையில். இடது கை சிவப்பில். சிவப்புதான் மெஷினை நிறுத்தும்; சாப்பாட்டு நேரம் வந்தாலும் அதை விடக் கூடாது.'

வெட்டவேண்டிய இரும்பின் மேற்பரப்பு எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குக் காட்டித்தர வேண்டும். கட்டருக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு தாளை வைத்து அசைத்துக்கொண்டே கட்டரை மிக மெல்ல இறக்க வேண்டும். தாள் நகர மறுக்கும் இடத்தில் பூஜ்யம். அக்கா அதற்கு முந்தின நாளின் காலண்டர் தாளைக் கிழித்து வைத்துக்கொள்வார். தாள் இறுகியது எனக்குத் தெரியும் முன்பே "பிடிச்சு மக்கா" என்பார். பருப்பு உரித்த விரல் அல்லவா.

ஆனாலும் உடனே வெட்ட மாட்டார். பூஜ்யத்தை நான்கு விரற்கடை உயர்த்தி வைத்து, முழு வேலையையும் காற்றில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். கட்டர் இரும்பைத் தொடாமல் அந்தரத்தில் போகும், திரும்பும், வளையும். மழை பெய்யும் மதியங்களில், கண்ணாடிக் கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அக்கா பார்த்துக்கொண்டிருப்பார். இன்னும் பிறக்காத ஒரு பொருள் அங்கே மிதப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருமுறை மெதுவாகச் சொன்னார்: "எல்லாத்துக்கும் இப்பிடி ஒரு தடவை காத்தில ஓட்டிப் பாக்க முடிஞ்சா எம்புட்டு நல்லாயிருக்கும்." மழைச் சத்தமும் மெஷின் சத்தமும் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தன.

பொருள் வாங்க வருகிறவர்கள், "நீயா ஓட்டுன?" என்று கேட்பார்கள். "ஆமா" என்பேன். அக்கா பக்கத்திலேயே நின்று இரும்புச் சீவலைக் கூட்டிக்கொண்டிருப்பார். "ஆளுவ கேட்டா அப்பிடியே சொல்லு, எனக்கென்ன" என்று சொன்னதும் அவர்தான்.

கடைசியாக, அருமனையிலிருந்து ஓர் அண்ணன், ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினின் உருளையைத் தாங்கும் பேரிங் கட்டை ஒன்று செய்யக் கொடுத்திருந்தார். அக்கா இரும்பை வைஸில் பூட்டி, தாள் வைத்து, பூஜ்யத்தையும் பதிந்தார். அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கண் திறந்து, "மக்கா, தாளு பிடிச்சபடியே நிக்குது. நீ காத்தில ஒரு தடவை ஓட்டு. பெறவு அமுக்கு" என்றார்.

"நீ வந்து அமுக்கு அக்கா."

"நானும் ஒருநாளு புதுசாத்தான் இருந்தேம்லே."

அன்று மாலை அக்கா ஆண்டவரில் நித்திரையானார்.

பட்டறையைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. போன வாரம்தான் திறந்தேன். கட்டருக்கும் இரும்புக்கும் நடுவே அந்தத் தாள் அப்படியே நின்றது. ஆன் செய்து மெஷினை அதன் வீட்டுக்கு அனுப்பினேன். கட்டர் உயர, தாள் மெல்லச் சரிந்து என் கையில் விழுந்தது. அக்காவின் விரல் தொட்ட கடைசித் தாள். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளையைப் போல அழுதேன்.

பிறகு நான்கு விரற்கடை உயர்த்தி, காற்றில் ஓட்டினேன். அக்கா நிற்கும் இடத்தில் நின்று நெற்றியைச் சாய்த்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பூஜ்யத்தைக் கீழே இறக்கினேன். இடது கை சிவப்பில். வலது கை பச்சையில். அமுக்கினேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்த ஆட்டோக்காரருக்கும், இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியச் சகோதரிகளுக்கும், அக்காவோடு பருப்பு உரித்து இன்று கண்ணீரோடு வந்திருக்கும் தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. கட்டைக்காக இத்தனை நாளும் ஒரு வார்த்தை கேட்காமல் காத்திருந்த அருமனை அண்ணனுக்கும் நன்றி. இதை எழுதி முடிப்பதற்கு முந்தின நாள் வந்து கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவரும் வழக்கம்போலக் கேட்டார்.

"நீயா தம்பி ஓட்டுன?"

"ஆமா" என்றேன். சொல்லிவிட்டு, பழக்கத்தில், சீவல் கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன்.