என் ரத்தம், எனக்குத் தெரியணும்

தி.நகர் துணிக்கடை ஒன்றின் பட்டுப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்த்தவள் வேலம்மா. அடையாற்றங்கரையில் இருந்த வீட்டை அரசாங்கம் இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும், இரண்டு பஸ் மாறி நேரத்துக்கு வந்துவிடுவாள். முப்பத்தெட்டு வயதில் நடுமுதுகில் வலி ஆரம்பித்தது. சாயங்காலமானால் உடம்பு சுட்டது. ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப் போயின.

“உட்கார ஒரு சாக்கு” என்றார் கடை சூப்பர்வைசர். வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் வலிக்கு ஊசி போட்டார்கள். மூன்றாம் மாதம்தான் சளியைச் சோதித்து, மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டிலும் ஒன்றுமில்லை.

“டி.பி. எல்லாம் இல்லம்மா. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்றார் டாக்டர்.

“நெஞ்சு நல்லா கீதுன்னா முதுகும் நல்லா கீதுன்னு அர்த்தமா சார்? பொய் சொல்லிக்கினு இங்க வந்து நிக்க எனக்கு இன்னா வேண்டுதலா?”

மருந்துச் சீட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

மறுநாள் பெரிய அரசு மருத்துவமனைக்குப் போனாள். ஸ்கேனுக்கு இரண்டு மாதம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். அங்கேதான் டாக்டர் ஸ்ரீலக்ஷ்மியைச் சந்தித்தாள். நுரையீரலுக்கு வெளியே ஒளிந்திருக்கும் காசநோயை, ரத்தத்தில் உள்ள சில புரதங்களின் அளவை வைத்துக் கண்டுகொள்ள முடியுமா என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். கொஞ்சம் ரத்தமும் ஒரு கையெழுத்தும் கேட்டார்.

“ரிசல்ட் எனக்குச் சொல்வீங்களா?”

“இது இன்னும் ஆராய்ச்சியில இருக்கற முறைம்மா. தனித்தனியா யாருக்கும் சொல்றதில்லை.”

வேலம்மா பேனாவை மூடினாள். “என் ரத்தத்துல கீற சங்கதி எனக்கே தெரியக்கூடாதா? அப்ப கையெழுத்து இல்ல.”

ஸ்ரீலக்ஷ்மிக்குக் கோபம் வரவில்லை. முடிவைச் சொல்ல அனுமதி கேட்டு, ஆராய்ச்சிகளை மேற்பார்வையிடும் நெறிமுறைக் குழுவுக்கு எழுதினார். பத்து நாளில் அனுமதி வந்தது: சந்தேகம் தரும் அளவுகளை நோயாளியிடம் சொல்லலாம். வேலம்மா வந்து கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு புரதங்கள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தன. “இது டி.பி.தான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது” என்றார் ஸ்ரீலக்ஷ்மி. அந்த வாரமே ஸ்கேன் எடுக்க வைத்தார். முதுகுத்தண்டில் இரண்டு எலும்புகள் அரித்துப்போயிருந்தன, நடுவே சீழ். ஊசியால் எடுத்த அந்தச் சீழில் காசநோய்க் கிருமி இருந்தது. இன்னும் விட்டிருந்தால் கால்கள் விளங்காமல் போயிருக்கும் என்றார்கள்.

“நான்தான் சொன்னேன்ல!” வேலம்மாவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அவள் கணவன் டில்லிபாபு ஆட்டோ ஓட்டுபவன். “டிஸ்க் கோளாறுன்னு சொல்லிக்கலாம். இல்லாட்டி அக்கம்பக்கத்துல கதவைச் சாத்திக்குவாங்க” என்றான்.

“சாத்தட்டும். பேரு கீற வியாதிக்கு எதுக்கு இன்னொரு பேரு?”

ஐந்து மாதம் மாத்திரை சாப்பிட்டபின், இடுப்புக்கு மேல் பெல்ட் கட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பினாள். கஸ்டமர் பயப்படுவார்கள் என்றார் சூப்பர்வைசர். டாக்டர் கொடுத்த கடிதத்தைக் கடை நடுவில் நின்று சத்தமாகப் படித்தாள்: நுரையீரலில் நோய் இல்லை, பிறருக்குப் பரவாது, வேலை செய்யலாம்.

“வேணாம்னா எழுத்துல குடுங்க சார். லேபர் ஆபீஸ்ல காட்டணும்.”

அவர் எழுதித் தரவில்லை. அவள் பட்டுப் பிரிவுக்கு நடந்தாள்.

ஒரு வருடத்தில் மாத்திரை முடிந்தது, வலி போனது. முதுகில் சின்ன மேடு மட்டும் நிலைத்துவிட்டது. முந்தானையால் அதை மூடிக்கொள்ளும் வழக்கம் அவளுக்கில்லை. புதிதாகச் சேர்ந்த ஜெயஸ்ரீ ஒருநாள் தயங்கித் தயங்கி, “அது இன்னாக்கா?” என்றாள்.

“டி.பி. வந்த எடம்” என்றாள் வேலம்மா, வாடிக்கையாளர் காதிலும் விழும்படி. பிறகு அடுத்த புடவையை உதறிப் பிரித்தாள்.